இணையத்தில் பிரிட்ஜ்: கடலூரிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு பேர் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். ஒருவர் மகனோடு சென்னைக்குப் போனார். இன்னொருவர் புதுச்சேரிக்காரர், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பாரிஸ் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மேசை கலைந்ததும் ஆட்டத்தைச் செல்போனுக்கு மாற்றிக்கொண்டோம். அதைப் பார்த்து உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க விரல் ஒத்துழைக்கவில்லை.

எனக்கு இருபத்தெட்டு சீட்டாட்டம் நன்றாக வரும். பிரிட்ஜும் வருமா அண்ணே?

பாதி வந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரு கட்சி. முதலில் ஏலம், பிறகு ஆட்டம். முதலில் இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போடணும், இல்லாதபோது துருப்பால், அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தால், வெட்டலாம். இதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மறக்க வேண்டியவைதான் சிரமம் கொடுக்கும். இருபத்தெட்டில் 32 சீட்டு, ஆளுக்கு 8. இங்கே 52ம் இறங்கும், ஆளுக்கு 13. அங்கே ஜாக்கி பெரிய தலை, அடுத்து 9. இங்கே ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்று வழக்கமான வரிசை. 9 கையில் வந்தால் பழக்கத்தில் மனசு துள்ளும், அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே ஏலம் புள்ளிக்கு. இங்கே ஏலம் எத்தனை பிடி (நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்று) எடுப்போம் என்பதற்கு. 'ஒன்று' என்று கேட்டால் 7 பிடி என்று அர்த்தம், முதல் 6 கணக்கில் சேராது. 'ஏழு' என்றால் 13ம் எனக்கே. இனங்களுக்கும் ஏலத்தில் படிநிலை உண்டு: கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், அதற்கும் மேலே துருப்பே இல்லாத நோ டிரம்ப்.

பெரிய வித்தியாசம் இரண்டு. இருபத்தெட்டில் துருப்பைக் கவிழ்த்து வைத்து, யாராவது கேட்கும்வரை மர்மமாகக் காப்பாற்றுவோம். பிரிட்ஜில் துருப்பு எல்லாருக்கும் தெரியும். அதோடு, ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிட்டு டம்மியாக உட்கார்ந்துவிடுவார். ஏலம் எடுத்தவர், அதாவது டிக்ளேரர், இரண்டு கைகளையும் ஒருவராகவே ஆடுவார். முதல் தடவை பார்த்தபோது என் பெரியப்பா, "அவரு எழுந்து டீ குடிக்கப் போயிடலாமா?" என்று கேட்டார். போகலாம். டம்மியின் பெரிய சௌகரியமே அதுதான்.

கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று எப்படி எடைபோடுவது?

ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுக்க 40. கூட்டாளியும் நீங்களும் சேர்ந்து 25, 26 இருந்தால் 'கேம்' என்ற பெரிய மதிப்பெண்ணுக்குப் போகலாம்: நோ டிரம்பில் 3, ஆட்டின் அல்லது இஸ்பேடில் 4, கிளாவர் அல்லது டைமனில் 5. 33 இருந்தால் 12 பிடிக்கு ஆசைப்படலாம். சிக்கல் என்னவென்றால், கூட்டாளியின் சீட்டு உங்களுக்குத் தெரியாது. ஏலச் சொற்களை வைத்தே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். பிரிட்ஜின் உயிர் அங்கேதான். மொத்தம் 35 ஏலம், அதோடு பாஸ், டபுள், ரீடபுள். இவ்வளவு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு முழு மொழியைப் பேசுகிறோம்.

எந்தத் தளத்தில் ஆடலாம்?

பெரியது பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன், சுருக்கமாக பிபிஓ. கனடாக்காரரான ஃபிரெட் கிடெல்மன் 2001ல் தொடங்கியது. உலகம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள், நள்ளிரவிலும் மேசை கிடைக்கும். ரோபோக்களோடும் ஆடலாம், ஆட்களோடும் ஆடலாம். பெரிய வீரர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கையும் பார்க்கலாம். புதிதாக வருபவர் முதல் வாரம் வேடிக்கை மட்டும் பார்த்தால் பழுதில்லை.

ஃபன்பிரிட்ஜ் பிரெஞ்சுச் செயலி. அதில் நீங்கள் தவிர மற்ற மூன்று பேரும் ஆர்ஜின் என்ற கணினிதான். பிறகு அதே கையை மற்றவர்கள் எப்படி ஆடினார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதில் ஒரு சௌகரியம்: பிரான்ஸில் வழங்கும் எஸ்.இ.எஃப். ஏல முறையையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ரியல்பிரிட்ஜ் 2020ல் வந்தது. முகம் பார்த்து, குரல் கேட்டு ஆடலாம், கிளப் மூலமாகத்தான் பெரும்பாலும் நுழைய முடியும்.

போகிற போக்கில் ஒன்று. நோ டிரம்பைப் பிரெஞ்சில் 'சான்ஸ் அத்தூ' என்பார்கள். எங்கள் பாரிஸ் நண்பர் முதல் நாள் அப்படி ஏலம் கேட்டபோது, மாடியில் இருந்த எல்லாருக்கும் 'சான்ஸ் அத்துப்போச்சு' என்று காதில் விழுந்தது. இன்றைக்கும் யாராவது 3 நோ டிரம்ப் கேட்டுத் தோற்றால் எங்கள் வழக்கில் அவர் சான்ஸ் அத்துப்போனவர்.

ரோபோவோடு ஆடுவதா, ஆட்களோடு ஆடுவதா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நான் சொல்வது: சீட்டை இறக்கக் கற்றுக்கொள்ள ரோபோ, ஏலம் பேசக் கற்றுக்கொள்ள ஆள்.

ரோபோ காத்திருக்கும், கோபப்படாது, அடுப்பில் குழம்பு கொதித்தால் எழுந்து போய்விட்டு வரலாம். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கை ஆடிவிடலாம். போன சீட்டை எண்ணுவது, துருப்பை எப்போது இழுப்பது, ராணி யாரிடம் என்று கணிப்பது எல்லாம் கை எண்ணிக்கை கூடக்கூடத்தான் படியும். எதிரிகளிடம் ஓர் இனத்தில் 5 சீட்டு இருந்தால் அது 3-2 என்று பிரிவதற்கு 68 சதவீதம், 4-1 ஆக 28 சதவீதம். 4 சீட்டு இருந்தால் 3-1 ஆகத்தான் அதிகம் பிரியும், கிட்டத்தட்ட 50 சதவீதம். சரிபாதியாக 2-2 பிரிவது 41 சதவீதம்தான். புத்தகத்தில் படித்தால் இது எண். முப்பது தடவை அடி வாங்கினால் கை தானாக யோசிக்கும்.

ஏலம் வேறு கதை. ரோபோவின் ஏலத்தைத் தொட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று கட்டத்தில் எழுதிக் காட்டும். கற்பவருக்கு இது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் அது எழுதிவைத்த விதியைத்தான் பேசும். உங்கள் கூட்டாளி எப்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வார், எப்போது பயந்து பாஸ் சொல்வார், நீங்கள் பாஸ் சொன்ன பிறகும் அவர் ஏன் ஏலத்தை விடாமல் இழுக்கிறார் என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஒரே ஆளோடு ஆடினால் மட்டும் தெரியும். பாரிஸ் நண்பரும் நானும் ஆறு வருடமாக ஆடுகிறோம். அவர் 2 ஆட்டின் என்று சொன்னால் அவர் கையில் என்ன இருக்கிறது என்பதோடு, அன்றைக்கு மருமகளோடு சண்டையா இல்லையா என்பதும் எனக்குத் தெரிந்துவிடும். (விதிப்படி இதில் முதலாவதை மட்டும்தான் நான் பயன்படுத்தலாம்.)

ரோபோ எப்படி யோசிக்கிறது? எல்லார் சீட்டையும் பார்த்துவிடுகிறதா?

பார்ப்பதில்லை. கற்பனை செய்கிறது.

பிபிஓவில் இருக்கும் ரோபோவின் பெயர் ஜிப். மேத்யூ கின்ஸ்பெர்க் என்ற கணினி அறிஞர் உருவாக்கியது. 1998லும் 1999லும் கணினிகளுக்கான உலகப் போட்டியை வென்றது. தன் முறை வந்ததும் அது, ஏலத்துக்கும் இதுவரை விழுந்த சீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி மறைந்திருக்கும் கைகளைப் பல விதமாகப் பங்கிட்டுப் பார்க்கும். ஒவ்வொரு பங்கீட்டிலும் நாலு கையும் திறந்திருந்தால் எந்தச் சீட்டு நல்லது என்று கணக்குப் போடும். சராசரியில் எது அதிகம் பிடி தருகிறதோ அதை இறக்கும். வெறும் கணக்கு, ஆனால் வேகமான கணக்கு.

அதன் பலவீனமும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் எல்லாச் சீட்டையும் பார்த்து ஆடுவதாக நினைத்துக் கணக்குப் போடுவதால், எதிராளி தப்பு செய்வார் என்று அதற்குத் தோன்றாது. ஏமாற்றி வலையில் விழவைக்கும் எண்ணமும் வராது. எதைப் போட்டாலும் தோல்விதான் என்று அதன் கணக்கு சொல்லிவிட்டால், எல்லாச் சீட்டும் அதற்கு ஒன்றே. கைக்கு வந்ததைத் தூக்கிப் போடும். ஆளாக இருந்தால், "இவர் ஒருவேளை ராணியை மறந்திருப்பாரோ" என்று கடைசிப் பிடிவரை காத்திருப்பார்.

என் ரோபோக் கூட்டாளி பைத்தியம் மாதிரி ஆடுகிறதே?

சைகையை நம்பி மோசம் போயிருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். எதிராளி 4 ஆட்டின் ஏலம். நான் கிளாவர் ஆஸை இறக்கினேன். ரோபோ 9 போட்டது. அடுத்து ராஜாவை இறக்கினேன், 4 போட்டது. பெரியதைப் போட்டு அடுத்துச் சிறியதைப் போட்டால், ஆட்கள் நடுவே, "என்னிடம் இரண்டுதான் இருந்தது, மூன்றாவதை வெட்டுகிறேன், இறக்கு" என்று அர்த்தம். நம்பி மூன்றாவதை இறக்கினேன். ரோபோவிடம் இன்னும் இரண்டு கிளாவர் இருந்தது! டம்மியில் இருந்த ராணி பிடியை எடுக்க, எதிராளி தன் கையில் இருந்த உதவாத டைமன் ஒன்றை அதில் கழித்துக்கொண்டார். தோற்க வேண்டிய ஏலம் ஜெயித்துவிட்டது.

ரோபோவோடு தற்காப்பு ஆடும்போது அது கழிக்கும் சீட்டில் செய்தி தேடாதீர்கள். ஏலத்தையும் விழுந்த சீட்டையும் மட்டும் நம்புங்கள்.

கணினி உலக சாம்பியன்களையே தோற்கடித்துவிட்டது என்கிறார்களே? சதுரங்கம் மாதிரி இதுவும் முடிந்ததா?

2022 மார்ச்சில் பாரிஸில் நுக்ஏஐ என்ற நிறுவனத்தின் நூக் என்ற நிரல், 8 உலக சாம்பியன்களோடு மோதி ஜெயித்தது உண்மை. ஆனால் எதில்? டிக்ளேரராக ஆடுவதில் மட்டும். ஏலம் முன்பே முடிந்து, எல்லாக் கையும் 3 நோ டிரம்ப் என்று வைத்துக்கொண்டு, தற்காப்பு ஆடிய ரோபோக்களுக்கு எதிராக யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பார்த்தார்கள். கூட்டாளியோடு பேசும் பகுதியை, அதாவது ஏலத்தை, அந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. மறைந்திருக்கும் சீட்டும், சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆளும் சேர்ந்த சிக்கல் சதுரங்கப் பலகையில் கிடையாது.

சீட்டு குலுக்குவதில் ஏதோ சூது இருக்கிறது. கன்னாபின்னாவென்று கை வருகிறதே!

கையால் கலைத்தபோதுதான் சீட்டு சரியாகக் கலையவில்லை. நாலு நாலாக விழுந்த பிடிகளை அப்படியே எடுத்து, இரண்டு தட்டு தட்டிப் பங்கிட்டால் கைகள் சப்பென்று ஒரே மாதிரி வரும். கணினி உண்மையாகவே கலைக்கிறது. ஒருவர் கைக்கு வரக்கூடிய வேறு வேறு 13 சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடியைத் தாண்டும். அதில் இனவாரியாக 4-4-3-2 என்று பிரிந்த வடிவம் 21.6 சதவீதம், மொட்டையான 4-3-3-3 வெறும் 10.5 சதவீதம். மிச்சமெல்லாம் நீங்கள் கன்னாபின்னா என்று திட்டுகிற வகை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிபிஓவின் சில ரோபோ ஆட்டங்களில் 'பெஸ்ட் ஹேண்ட்' என்று போட்டிருக்கும். அதில் மேசையில் அதிகப் புள்ளியுள்ள கை எப்போதும் உங்களுக்குத்தான். ஒளிவுமறைவு இல்லை, சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். ஆனால் அதிலேயே ஊறிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை 5 புள்ளிக் கை வரும்போது என்ன செய்வதென்றே தெரியாது. என் தம்பிக்கு நடந்தது.

தெரியாதவர் மேசையில் உட்காரப் பயமாக இருக்கிறது. திட்டுவார்களா?

சிலர் திட்டுவார்கள். எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுங்கள். ஆனால் கை நடுவில் எழக்கூடாது. பந்தியில் பாதி இலையில் எழுவது எப்படியோ அப்படித்தான் அதுவும். கை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். அரட்டையில் 'ஜிஎல்பி' என்றால் கூட்டாளிக்கு வாழ்த்து, 'டபிள்யூடிபி' என்றால் நன்றாக ஆடினீர்கள், 'டிஒய்பி' என்றால் நன்றி.

உட்கார்ந்ததும் முதல் வேலை, எந்த ஏல முறை என்று கேட்பது. அமெரிக்க 'எஸ்ஏஒய்சி' தெரிந்தால் பெரும்பாலான மேசையில் பிழைத்துக்கொள்ளலாம்: 5 சீட்டு இருந்தால்தான் ஆட்டின், இஸ்பேடில் தொடங்குவது, எல்லா இனத்திலும் சமமாக உள்ள 15 முதல் 17 புள்ளிக் கைக்கு 1 நோ டிரம்ப். உங்கள் ஏலத்துக்கு விசேஷ அர்த்தம் இருந்தால் நீங்களே 'அலர்ட்' பொத்தானை அழுத்தி எதிராளிக்கு விளக்கணும். அந்த விளக்கம் எதிராளிக்குத்தான் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது. நேரில் ஆடும்போது கூட்டாளியின் ஏலத்துக்குத்தான் நாம் அலர்ட் சொல்வோம். இணையத்தில் அது தலைகீழ்.

நானும் வீட்டுக்காரரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து கூட்டாளியாக ஆடலாமா?

வேறு வேறு அறையில் உட்காருங்கள். உங்களை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு 'ப்ச்' போதும், ஒரு பெருமூச்சு போதும், அதெல்லாம் செய்தி. ஊரடங்குக் காலத்தில் இணையத்துக்கு வந்த பெரிய வீரர்கள் சிலரே இந்தச் சபலத்தில் மாட்டினார்கள்: இன்னொரு கருவியில் வேறு பெயரில் வேடிக்கை பார்ப்பவராக நுழைந்து நாலு கையையும் பார்ப்பது. அதனால்தான் போட்டிகளில் வேடிக்கை பார்க்க விடாமல் பூட்டி வைக்கிறார்கள். நாம் ஆடுவது பொழுதுபோக்குக்கு. அதிலும் கள்ள ஆட்டம் ஆடினால் ஜெயித்ததை யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது?

மதிப்பெண் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஏலம் ஜெயித்தும் பூஜ்யம் வருகிறதே?

போட்டியில் உங்களுக்கு வந்த அதே 52 சீட்டுப் பங்கீடு மற்ற மேசைகளுக்கும் போகும். அதிர்ஷ்டம் பெரும்பாலும் கழன்றுவிடும். அதே சீட்டில் மற்றவர் எடுத்ததைவிட நீங்கள் அதிகமா குறைவா என்பதுதான் கணக்கு.

ஒரு கையில் நீங்கள் 4 இஸ்பேட் கேட்டு 10 பிடி எடுத்தீர்கள்: 420. அடுத்த மேசையில் அதே கையில் 3 நோ டிரம்ப் கேட்டு 10 பிடி எடுத்தார்கள்: 430. 'மேட்ச்பாயிண்ட்' முறையில் அந்த 10ஏ போதும், அவர்கள் மேலே, நீங்கள் கீழே. எல்லாரும் 430 எடுத்திருந்தால் உங்களுக்குப் பூஜ்யம். 'ஐஎம்பி' முறையில் 10 வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அதனால் ஆரம்பத்தில் ஐஎம்பி மேசைகளில் ஆடுங்கள். ஏலம் எடுத்தால் அதைப் பத்திரமாகக் கரைசேர்த்தால் போதும், ஒரு பிடி கூடுதலுக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம். மேட்ச்பாயிண்டில் சந்தையில் பேரம் பேசும் குணம் வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் காய் வாங்கிப் பழகியவர்களுக்கு அது வரும்.

காசு வைத்து ஆடலாமா?

வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதமின்றிக் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. நாங்கள் இலவச மேசைகளில் மட்டும் ஆடுகிறோம். தோற்றவர் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கித் தரணும். பாரிஸ்காரர் கணக்கில் இப்போதே நிறைய வடை பாக்கி.

ரிட்டயர் ஆனவர்கள் ஆட்டம்தானே இது?

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் இணையர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். வயது 60, 56. வேறு எந்த விளையாட்டில் இது நடக்கும்? அடுத்த ஹாங்சோ போட்டியில் ஆண்கள் அணி வெள்ளி வாங்கியது. வயதானவர்களும் ஆடலாம் என்பது இதற்குப் பெருமைதான், குறை இல்லை. எங்கள் மேசையில் இப்போது ஆடும் நாலாவது ஆள் பொறியியல் படிக்கும் பெண். ஏலத்தில் எங்களைவிட அவள் தைரியசாலி.

நடுவில் கரண்ட் போனால்?

கடலூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் 6 இஸ்பேட் ஏலத்தில் இருந்தேன். ஐந்தாவது பிடியில் எல்லாம் இருண்டது. அந்த 12 பிடி வந்ததா இல்லையா என்று இன்றுவரை வாக்குவாதம்.

வைஃபை போனால் செல்போன் டேட்டாவுக்கு மாறி அதே பெயரில் உள்ளே வாருங்கள், உங்கள் இருக்கை பெரும்பாலும் காத்திருக்கும். போட்டியாக இருந்து நேரமாகிவிட்டால் நடத்துபவர் மாற்று ஆளை உட்கார வைப்பார். ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை.

உங்களோடு ஆட எப்போது வரலாம்?

ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணி. பாரிஸில் அப்போது கோடையில் பகல் 2.30, குளிர்காலத்தில் 1.30, அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேராக வருவார். வருவதற்கு முன்னால் ரோபோவோடு ஐம்பது கை ஆடிவிட்டு வாருங்கள். ஏலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டால் நல்லது, அவருக்கு மைக் எங்கே இருக்கிறது என்று தினமும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.